பத்தாம் நம்பரின் திமிர்

காலை 11.20.

பீரோவில் உறை இருந்தது. உறைக்குள் இருக்க வேண்டிய தாள் இல்லை.

உடற்கல்வி இயக்குநர் அருணகிரி உறையைக் கவிழ்த்து உதறினார், ஊதிப் பார்த்தார். செங்கல்பட்டுக்கு வெளியே இருக்கும் அந்தக் கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாகக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவர். அறை வாசலில் நின்ற பெண்மணியை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அவள் பெயர் செல்லம்மா. நாவலூரில் ஒரு ஐ.டி. கட்டடத்தில் துப்புரவு வேலை. லீவு போட்டுவிட்டு, மகனின் துணிமணிகளைப் புதுப் பையில் அடுக்கி எடுத்து வந்திருந்தாள். மகன் கலைவாணன் இரண்டாம் ஆண்டு மாணவன், அணியின் பத்தாம் நம்பர். சென்னையில் ஒரு பெரிய தனியார் கல்லூரி அவனைக் கேட்டு வாங்கியிருந்தது. படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இங்கிருந்து டி.சி.யை மாலை ஐந்து மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஐந்து மணி ஒரு நிமிடம் என்றால் சீட்டு கிடையாது.

அந்த டி.சி.யைத்தான் காணவில்லை.

"காணோம்னா இன்னா சார் அர்த்தம்?" என்றாள் செல்லம்மா.

அவள் பையை அங்கேயே வைத்துவிட்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

பகல் 12.05.

சப்-இன்ஸ்பெக்டர் வசுமதி எரிச்சலோடுதான் வந்தாள். ஸ்டேஷனில் இரண்டு சங்கிலிப் பறிப்பு வழக்குகள் காத்துக்கிடக்க, ஒரு துண்டுத் தாளுக்காகக் கல்லூரி வரை அலைய யாருக்குப் பிடிக்கும்? ஆனால் அந்தத் தாய் ஜீப்பில் வரும்போது, ஐந்து மணிக்குள் கிடைத்துவிடுமா என்று மட்டும் கேட்டாள். அதனால் வசுமதி எரிச்சலை வெளியே காட்டவில்லை.

"டி.சி.ய எப்ப வச்சீங்க சார்?"

"பத்தேகாலுக்கு. பிரின்சிபால் கையெழுத்து, சீலு எல்லாம் வாங்கியாந்து நானே வச்சேன்."

"அப்புறம்?"

"பத்தரைக்கு பிராக்டிஸ் மேட்ச். விசிலோட கிரவுண்டுக்குப் போயிட்டேன்."

"பீரோ சாவி?"

"டீம் போட்டோ பின்னாடி ஆணில தொங்கும். டீமுக்கே தெரியும்."

"அவன் போனா உங்களுக்குத்தானே நஷ்டம்?"

அருணகிரி கசப்பாகச் சிரித்தார். "ரெண்டு வருஷத்துல ஆறு பேரு மேடம். நான் வளக்கறேன், பெரிய காலேஜ்காரன் அள்ளிக்கினு போறான். ஆனா இவனுக்குக் கையெழுத்து வாங்கித் தந்ததே நான்தான். எல்லார் பையும் பாக்கெட்டும் தேடிட்டேன். இல்ல."

மேஜை மேல் உறை பிரிக்காத ஜெர்சி ஒன்று கிடந்தது. முதுகில் பத்து என்று போட்டிருந்தது.

வசுமதி வெளியே வந்தாள். இடம் பற்றாத மைதானம். அறை வாசலிலிருந்து இரண்டே எட்டில் பக்கவாட்டுக் கோடு. காலையில் போட்ட சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்றிருந்தது. ஓரிடத்தில் மட்டும் கலைந்திருந்தது. அங்கிருந்து வராந்தா வழியாகப் பீரோ வரைக்கும், ஒரு சாண் நீளத்தில் நாலைந்து வெள்ளைத் தீற்றல்கள். போகப் போக மங்கியிருந்தன. முழுக் காலடி ஒன்றுகூட இல்லை.

"மூட்டை எதையோ இழுத்த மாதிரி கீது மேடம்," என்றார் கூட வந்த கான்ஸ்டபிள்.

"மூட்டையெல்லாம் யாரும் கொண்டாரல," என்றார் அருணகிரி. "எங்க பசங்க வேலையும் இல்ல. ஆட்டத்துக்கு முன்னாடி கோட்ட மிதிச்சா தோத்துருவோம்னு ஒரு நம்பிக்க. கால நல்லாத் தூக்கி வச்சி, தாண்டித்தான் வருவானுங்க. இது வெளியாளு."

பகல் 12.40.

ஜான்சன், கோல்கீப்பர், அணியின் கேப்டன். கையுறையைக் கழற்றாமலே வந்து நின்றான்.

"மேட்ச் நடக்கும்போது நீ எங்க?"

"போஸ்ட்டுல. கோல்கீப்பர் வேற எங்க மேடம் போவான்?"

"கலைவாணன்?"

"ஆடல. எங்களோட எறங்கிட்டு, திரும்பி இந்த வராந்தா பக்கம் வந்து உக்காந்துகினான். நாளைக்குப் புது காலேஜ்ல ஆடணும், இங்க வந்து காலக் குடுக்கணுமான்னான். எங்க மூஞ்சி மேலயே."

"ரெண்டு பேரும் சிநேகிதமா?"

"எட்டாவதுலேர்ந்து. ஒரே ஊரு, திருவிடந்தை. இப்ப பேச்சு இல்ல." ஜான்சன் குரல் இறங்கியது. "கிரவுண்டுல எறங்கறப்ப குனிஞ்சி மண்ணத் தொட்டு கண்ணுல ஒத்திக்குவோம். மூணு வாரமா அவன் குனியறதே இல்ல. நெஞ்சத் தொட்டுக்கினு போறான். பெரிய காலேஜ் ஆளாயிட்டான்ல."

"மூணு வாரத்துக்கு முன்னாடி என்ன நடந்தது?"

"ஒண்ணும் இல்லியே. மாமல்லபுரம் டோர்னமென்ட் ஃபைனலு. ஒரு கார்னர்ல நானும் அவனும் மோதிக்கினோம். சிரிச்சிகினே எழுந்தான். அப்பறம் கோல் வேற போட்டான். அத்தப் பாத்துதான் அந்தக் காலேஜ்ல அவன எடுத்தாங்க."

பகல் 1.10.

கலைவாணன் நாற்காலியில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். சித்திரை வெயில் கொளுத்துகிறது. இவனோ புதுக் கல்லூரி அனுப்பிய நீல நிற முழு ட்ராக் பேண்ட்டைக் கழற்றவில்லை. அருணகிரி உள்ளே நுழைந்ததும் ஜான்சன் சட்டென்று எழுந்தான். கலைவாணன் எழவில்லை. அருணகிரியின் முகம் சுருங்கியது. வசுமதிக்கே சுருக்கென்றது.

"பாத்தீங்களா மேடம் திமிர," என்று முணுமுணுத்தான் ஜான்சன்.

"யார் எடுத்திருப்பாங்க?" என்று வசுமதி கலைவாணனைக் கேட்டாள்.

"தெரில மேடம்."

"உனக்குக் கோபமே வரலியே?"

"கோவப்பட்டா பேப்பர் வந்துருமா?" சுவரைப் பார்த்தான். கடிகாரம் இல்லை. "மணி இன்னா மேடம்?"

"ஒண்ணு இருபது."

"அஞ்சு ஆவறதுக்கு இன்னும் எவ்ளோ நேரம் கீது," என்றான்.

சீட்டு போய்விடுமோ என்று பதறுகிறவன் நேரம் பறக்கிறதே என்றுதான் புலம்புவான். இவன் நேரம் நகரவில்லையே என்று அலுத்துக்கொண்டான்.

வசுமதி மறுபடி கோட்டருகே போனாள். வலது முழங்காலை மடக்காமல் விறைப்பாக வைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் பார்த்தாள். பூட்ஸ் நுனி சுண்ணாம்பில் உரசியது. வராந்தாவில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைத் தீற்றல் விழுந்தது.

பகல் 1.45.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க," என்றாள் வசுமதி.

"எம் புள்ள பேப்பரு. நான் கேக்கக் கூடாதா?" செல்லம்மா நகரவில்லை.

வசுமதி பெருமூச்சு விட்டாள். "வெளியாள் யாரும் வரல சார். கோட்டைத் தாண்டினவன் உங்க பையன்தான். தாண்டத்தான் பார்த்திருக்கான், கால் எழும்பல. மண்ணைத் தொடக் குனியறதில்ல, பிராக்டிஸ் ஆடறதில்ல, வெயில்லயும் பேண்ட்டைக் கழட்டறதில்ல, நீங்க வந்தா எழுந்திருக்கறதில்ல. எல்லாத்தையும் நீங்க திமிர்னு நெனச்சீங்க. நானும் ஒரு நிமிஷம் நெனச்சேன். கலைவாணா, வலது கால் பேண்ட்டை மேல ஏத்து."

அவன் ஜான்சனை ஒரு தரம் பார்த்தான். பிறகு மெல்ல ஏற்றினான். முழங்காலில் இறுக்கமான எலாஸ்டிக் உறை, நீ கேப். அதற்கு மேலும் கீழும் சதை பிதுங்கி வீங்கியிருந்தது. நீ கேப்புக்குள் விரலை விட்டு, எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினான். வியர்வையில் ஊறிப் போயிருந்தது. சீல் மை கரைந்து நீலமாகப் பரவியிருந்தது.

ஜான்சன் குனிந்து வீக்கத்தைப் பார்த்தான். "அந்த கார்னர்லயா மச்சான்?"

"ஆமா. வலி தெரியல, கோல் போட்டுட்டேன். மறுநாள் கால ஊன முடியல." அவன் தரையைப் பார்த்தே பேசினான். "ஆஸ்பத்திரில பாத்துட்டேன். ஜவ்வு கிழிஞ்சிட்சாம். ஆபரேஷன் பண்ணணும். பண்ணாலும் ஒரு வருஷம் ஆடக் கூடாதாம்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடா?" என்றாள் செல்லம்மா.

"தெருவுல இருக்கற எல்லாருகிட்டயும் சொல்லிட்டியேம்மா. புதுப் பை வேற வாங்கியாந்துட்ட. நாளைக்கிக் காலைல அங்க ஃபிட்னஸ் டெஸ்ட்டு. ஓடச் சொன்னா விழுந்துருவேன், தொரத்திருவாங்க. பேப்பர் தொலைஞ்சி போச்சின்னா யாரும் என்னத் திட்ட மாட்டாங்க. இங்கயே இருந்து டிகிரியாவது முடிச்சிடலாம்னு பாத்தேன்."

அருணகிரி தலையில் கை வைத்துக்கொண்டார். "டேய், தாளு தொலைஞ்சா பேரு திரும்ப வந்துருமாடா? டி.சி.ல கையெழுத்துப் போட்டப்பவே ஆபீஸ்ல உன் பேர அடிச்சிட்டாங்க. அந்த விளையாட்டுக் கோட்டா சீட்டுல..." அவர் மேஜை மேலிருந்த ஜெர்சியைப் பார்த்தார். "மதுராந்தகத்துலேர்ந்து ஒரு பையனக் கூட்டியாந்து காலைலயே சேத்துட்டேன். சின்ன காலேஜ்ல ஆடிகினு இருந்தான். நான் அள்ளிக்கினு வந்துட்டேன்."

அள்ளிக்கொண்டு போகிறவர்களை இரண்டு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்த மனிதர், தன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டு, பையன் பேரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்கப் பிரின்சிபால் அறைக்கு ஓடினார்.

வசுமதி நோட்டைத் திறந்தாள். பறிகொடுத்தவன் கலைவாணன். எடுத்தவனும் கலைவாணன். எழுத ஒன்றுமில்லாமல் மூடினாள். எத்தனையோ பேரைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். இவனைக் கண்டுபிடித்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. மணி ஐந்தாகியிருந்தால் இந்தத் தாய்க்கு ஒரு பொய்யாவது மிஞ்சியிருக்கும்.

பகல் 2.30.

அருணகிரி திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்தாலே போதும், கேட்கத் தேவையில்லை.

ஜான்சன் எழுந்தான். கலைவாணன் பீரோவைப் பிடித்தான், இன்னொரு கையை ஜான்சன் தோளில் போட்டான், பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றான். மூன்று வாரத்தில் அவருக்காக எழுந்தது இதுதான் முதல் தடவை.

"உக்காருடா," என்றார் அருணகிரி. "உக்காருப்பா."

அவன் உட்காரவில்லை. செல்லம்மா அந்தத் தாளை முந்தானையால் ஒற்றி, மடிப்பு நீக்கி, பைக்குள் துணிகளுக்கு மேலே வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். மகனின் இன்னொரு கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

மூவரும் வராந்தாவில் இறங்கினார்கள். சுண்ணாம்புக் கோடு வந்ததும் ஜான்சன் நின்றான். நண்பனைத் தூக்கித் தாண்டவைக்கப் பார்த்தான்.

"வுடு மச்சான்," என்றான் கலைவாணன். கோட்டை மிதித்துக்கொண்டே போனான்.

கேட்டுக்கு வெளியே சென்னைப் பக்கம், ஊர்ப் பக்கம் என்று இரண்டு பக்கமும் பஸ் வந்தது. எந்தப் பக்கம் ஏறுவது என்று செல்லம்மா யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல யாருக்கும் தெரியாது.