பெட்டி இருந்த இடம்

நேற்று ரீனா வெட்டிவிட்ட போட்டோவின் கீழ் ஓரத்தில் இன்றைக்கு ஒரு ரோஜா இதழ் எட்டிப் பார்த்தது.

மே மாதத்து மத்தியானம். மாமனார் ராயப்பராஜுக்கும் மாமியார் செபஸ்தியம்மாளுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஐம்பதாவது திருமண நாள் என்பதால் வீட்டில் எல்லோரும் சர்ச் மண்டபத்தில் தோரணம் கட்டப் போயிருந்தார்கள். விழாவில் திரையில் காட்டுவதற்குப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஸ்லைடாக அடுக்கும் வேலை மட்டும் ரீனா தலையில் விழுந்தது. ஜன்னலைச் சாத்தியும், பக்கத்தில் தோல் பதனிடும் தோல் ஷாப்பு வாடை உள்ளே வந்து திரைச்சீலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் ஐந்து மாதப் பிள்ளை ஆல்வின் சேலைத் தொட்டிலில் தூங்க, தொட்டிலை மாட்டியிருந்த ஸ்பிரிங், ஃபேன் காற்றுக்குக் கிரீச் கிரீச்சென்று முனகியது.

துபாயில் இருக்கும் கொழுந்தன் ரொனால்டு உட்பட குடும்பமே ஒன்றாக நிற்கிற போட்டோ அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அது நான்சியின் சவப்பெட்டியைச் சுற்றி நின்று எடுத்தது. நான்சி, ரீனாவின் புருஷன் பிராங்கிளினுக்கு முதல் மனைவி; ஏழாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவள். கல்லறைக்குத் தூக்குமுன் ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டு எல்லோரும் நின்று எடுத்திருக்கிறார்கள். பெட்டியின் மூடி பின்னால் சுவரில் சாய்ந்திருக்கும். பெட்டி தெரியாமல் வெட்டிவிட்டு மேலே நிற்பவர்களை மட்டும் போடச் சொல்லியிருந்தார் மாமியார்.

நேற்று ரீனா சந்தோஷமாகவே வெட்டினாள். கீழ்க்கோட்டை மவுஸால் பிடித்து மேலே இழுக்க, பெட்டி, பூ, கையில் ஜெபமாலையோடு உள்ளே கிடந்தவள் எல்லாம் போனது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குழம்பில் உப்பு கூடினாலும் நான்சி பேச்சு, குறைந்தாலும் நான்சி பேச்சு. ஆனால் நின்றவர்கள் அத்தனை பேரும் குனிந்து ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரீனாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஆல்வின் சிரிக்கிற படத்தைத் தங்கநிறச் சட்டம் போட்டு அந்த இடத்தில் வைத்தாள். இப்போது குடும்பமே அவள் பிள்ளையைத்தான் பார்த்தது. அவர்கள் கண்ணீர்கூட ஆனந்தக் கண்ணீராகத் தெரிந்தது. அவள் கிடந்த இடத்தில் என் மகன் என்று நினைத்தபோது நெஞ்சு குளிர்ந்தது.

நேற்று கை தவறி இழுத்திருப்போம் என்று இன்றைக்கு அந்த இதழையும் வெட்டினாள். பிள்ளை சிணுங்கினான். போய் இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

சட்டத்தை ஒட்டி, ஆல்வினின் கன்னத்துக்குப் பக்கத்தில், ஜெபமாலை சுற்றிய விரல்கள் தெரிந்தன.

தோல் ஷாப்பு வாடை இல்லை. அதற்குப் பதில் பன்னீரும் சாம்பிராணியும் உருகிய மெழுகும் கலந்த ஒரு வாசம், இழவு வீட்டில் மட்டும் வருமே, அது அறை முழுக்க நின்றது. பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. மண்டபத்திலிருந்த பிராங்கிளினைப் போனில் பிடித்தாள்.

"ஏங்க, வெட்டுனது திரும்பத் திரும்ப வருது."

"வெட்டுனா அழியாது ரீனா. மறைஞ்சுதான் கெடக்கும். கை பட்டா வெளிய வந்துரும்."

"ஒரேயடியா போக என்ன செய்யணும்?"

கம்ப்ரஸ் என்று ஒன்று இருக்கிறது, அதைக் கொடுத்தால் மறைந்து கிடப்பதும் போய்விடும் என்றான். பிறகு குரல் இறங்கிச் சொன்னான்.

"வேணாம், விட்டுரு. நான் வாரேன். நீ எதையும் தொடாத."

அவனுக்கும் நான்சிதான் பெரிசு. ரீனா போனை வைத்தாள்.

"செத்தும் விட்டுத் தொலைய மாட்டியாடி," என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். கம்ப்ரஸைக் கொடுத்ததும், வெட்டிய பகுதிகளை நீக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அழுத்தினாள்.

பக்கத்து அறையில் ஸ்பிரிங் சத்தம் நின்றது.

திரையில் படம் தானாகக் கீழே விரிந்தது. மெதுவாக. பெட்டியின் விளிம்பு. வெள்ளைத் துணி. ரோஜாப்பூ. நடுவில் ஆள் படுத்து எழுந்ததுபோல் ஒரு நீளப் பள்ளம். நான்சி இல்லை.

தங்கநிறச் சட்டமும் இல்லை. அந்தப் பள்ளத்தில் ஆல்வின் கிடந்தான். சிரிக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் குனிந்து அவனைப் பார்த்தார்கள். சுவரில் மூடி இல்லை. அது ரொனால்டு கையில் இருந்தது.

ரீனா எழுந்தாள். நாற்காலி விழுந்தது. ஓடினாள்.

பக்கத்து அறை வாசலில் கால் நின்றுவிட்டது.

தொட்டில் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் முழுதாக இழுபட்டு நீண்டிருந்தது. சேலைக்குள் ஒரு முழங்கால் புடைத்திருந்தது. பெரிய முழங்கால்.

ஆல்வின் அழுதான். தொட்டிலிலிருந்து இல்லை. அவளுக்குப் பின்னால், கம்ப்யூட்டர் இருந்த அறையில். மூடி போட்டு அடைத்ததுபோல் அமுங்கிய அழுகை.

சேலை விலகியது. ஜெபமாலை சுற்றிய கை ஒன்று வெளியே தொங்கி, தரையைத் தடவிப் பார்த்தது. பிறகு தரையில் ஊன்றி, தொட்டிலைத் தானே மெல்ல ஆட்டிக்கொண்டது.