மிச்சமிருந்த ஏற்றம்

ஏரிக்கரைச் சாலையின் முனையில் இருவரும் சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் குடித்தபோது வெயில் தாழத் தொடங்கியிருந்தது. பாசி வாடை வீசியது. எதிரே யாரும் வரவில்லை.

"மேடு இல்லையே?" என்றார் டீச்சர்.

"சமதரை. பார்த்துட்டேன்."

கண்ணாடிக்காரர் பார்க்காமல் சைக்கிளைத் தொட மாட்டார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவியான டீச்சருக்கு இதய வால்வு மாற்றியதிலிருந்து, சமதரையில் ஓட்டலாம், மேடு ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு வாரமும் மேப்பில் வழியை வரைந்து, எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பத்திக்கூட இவ்வளவு விசாரிச்சிருக்க மாட்டீங்க" என்று டீச்சர் கிண்டலடிப்பார். டீச்சரின் கைக்கடிகாரம் துடிப்பையும் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் கணவரின் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இந்த வழியில் ஒரு கணக்கு உதைத்தது. வீட்டில் கிளம்பி வீட்டுக்கே திரும்பும் வட்டத்தில் ஏறியதெல்லாம் இறங்கியே தீர வேண்டும். மேப்போ ஏற்றத்தைக் கூடுதலாகவும் இறக்கத்தைக் குறைவாகவும் காட்டியது. ஏரிக்கரையில் கொஞ்சம் ஏற்றம் இறங்காமல் மிச்சம் நின்றது. மர உச்சியைத் தரை என்று எடுத்துக்கொண்டு மேப் உளறுவது வழக்கந்தான். தண்ணீரை ஒட்டிய சாலையில் ஏது மேடு? மேப்பில் அந்த இடத்தை அவரே தட்டையாக்கிவிட்டார்.

காற்றை மறைக்க அவர் எப்போதும் முன்னால் போவார். திரும்பிப் பார்ப்பது டீச்சருக்குப் பிடிக்காது. "காது இருக்கில்ல, கேட்டுக்கோங்க" என்பார். டீச்சர் பெடலை நிறுத்தினால் அவருடைய பின்சக்கரம் கிர்ரென்று ஓடும். அந்தச் சத்தம் கேட்டால் டீச்சர் இளைப்பாறிக்கொண்டு வருகிறார் என்று அர்த்தம்.

பாதிக் கரை தாண்டியதும் பெடல் கனத்தது.

"என்னங்க, ஏறுதா?"

"எதிர்க்காத்து."

ஓர் இலைகூட அசையவில்லை. இடப்பக்கம் ஏரித் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் அசையாமல் கிடந்தது. சாலையோடு தண்ணீரும் சாய்ந்து மேலே போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடிக்காரர் பிரேக்கைப் பிடித்தார். "திரும்பிடலாம், டீச்சர்."

திரும்பினார்கள்.

வந்த வழியும் ஏறியது.

"இறங்கித் தள்ளிட்டு வா. நெஞ்சு என்ன சொல்லுது?"

"நிக்கக் கூடாதுங்க." டீச்சர் கிசுகிசுத்தார். "பின்னாடி வர்றவங்க இடிச்சுடுவாங்க."

"யாரு?"

"தெரியல. ரொம்ப நேரமா மூச்சு கேக்குது. திரும்பிப் பார்க்காதீங்க. மிதிங்க."

அவர் மிதித்தார். தொடை எரிந்தது. டீச்சரின் மூச்சு முதுகில் படுவது போல அருகில் இரைத்தது.

பிறகு மூச்சு அடங்கியது.

கிர்ர்ர்.

அப்பாடா, இளைப்பாறுகிறார். சத்தம் விடாமல் வந்தது. வீட்டுத் தெரு முனை தெரிந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. அவர் இன்னும் மேட்டில்தான் மிதித்துக்கொண்டிருக்கிறார்.

மேட்டில் யாருக்கும் சக்கரம் சும்மா ஓடாது.

திரும்பிப் பார்த்தார்.

ஆளில்லாத சைக்கிள் மேட்டின் மேல் ஏறி வந்துகொண்டிருந்தது. பெடல் அசையவில்லை.

ஊரே தேடியது. ஏரிக்குள்ளும் இறங்கிப் பார்த்தார்கள். துணிகூடக் கிடைக்கவில்லை. டாக்டர் வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போனார். கண்ணாடிக்காரர் போனை மட்டும் யாரிடமும் காட்டவில்லை. அதில் டீச்சரின் புள்ளி ஏரிக்கரையைச் சுற்றி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. துடிப்பு வேகமாக இருந்தது. உயரம் கூடிக்கொண்டே போனது.

ஒரு மாலையில் புள்ளி வட்டத்தை முடித்து அவர் வீட்டு வாசலில் நின்றது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். யாரும் இல்லை. வெறும் வாசல்.

உயரம் இன்னும் கூடியது.

அந்தத் துடிப்பு இத்தோடு நின்றுபோகட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். பொண்டாட்டி சாகட்டும் என்று வேண்டும் நிலைக்கு வந்துவிட்டோமே என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். துடிப்பு நிற்கவில்லை.

அப்போதுதான் சத்தம் கேட்டது. கூரைக்கு மேலே, ஒன்றுமே இல்லாத வெளியில், யாரோ மூச்சிரைக்கப் பெடல் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

சற்றுப் பின்னால் இன்னொரு மூச்சு, களைப்பே இல்லாமல்.