மருதமிலைப் பைக்குள் ஒரு சட்டை

இலைகளெல்லாம் உக்கி மக்கி வெறும் நரம்பாகிக் கிடக்க, சட்டை மட்டும் உக்காமல் இருந்தது.

மாக்கிறட் முழங்காலளவு ஆற்றுத்தண்ணீரில் நின்று அந்த வலைப்பையையே பார்த்தாள். பல்கலைக்கழகத்து மிஸ் ஒருத்தி கொடுத்த வேலை: காய்ந்த மருதமிலைகளைப் பைகளில் கட்டி ஆற்றில் போட்டுவைத்து, கிழமைக்கொன்றாய் எடுத்துக் கொடுக்க வேண்டும். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத, நூல்நூலாய்ப் படரும் பூஞ்சணம் இருக்கிறதாம். உலகத்தில் எந்த நாட்டு ஓடையில் எத்தனை வகை என்று பார்க்கிறார்களாம். "அது செத்ததைத்தான் தின்னும் அக்கா, உயிருள்ளதைத் தொடாது" என்று மிஸ் சொன்ன ஒரு சொல்லை மாக்கிறட் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

சண்டை முடிந்த அடுத்த மாரி வெள்ளத்தில் இந்த ஆறு அவள் மகள் யூஜினியைக் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. கோயிலில் முதல் நன்மை வாங்கும் நாளுக்கென்று தைத்த வெள்ளைச் சட்டை, ஒரு நாளும் போடாமல், வருஷக்கணக்காக அலுமாரியில் தொங்கியது. அந்தச் சட்டையையாவது பெட்டியில் வைத்து, செத்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளன்று சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே அடக்குவோம் என்று புருஷன் கில்பட், பங்குச் சுவாமியிடம் கேட்டுவிட்டான். அந்த நாள் வர முதலே அவள் சட்டையை ஒளித்துக் கொண்டுவந்து இலைகளோடு கட்டிவிட்டாள். உக்கினால் அடக்கலாம். உக்காவிட்டால் பிள்ளை எங்கேயோ உயிரோடு இருக்கிறாள்.

இன்று அந்தத் திருநாள். கரையில் கில்பட் நின்றான்.

"சட்டையைக் கொண்டா மாக்கிறட். சுவாமி பாத்துக்கொண்டு நிக்கிறாரு."

"உக்கேல்லைங்க. பிள்ளை சாகேல்ல."

"எனக்கும் அவ பிள்ளைதானே. ஒரு மெழுகுதிரி கொளுத்த எனக்கு ஒரு இடம் வேணாமா?" அவன் தோள்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கரையிலேயே குந்திவிட்டான்.

வெயில் தாழ்ந்து மருத மரங்களின் நிழல் தண்ணீரில் கறுத்துக்கொண்டு வர, தவளைச் சத்தம் ஒவ்வொன்றாய் அடங்க, உக்கிய இலை மணத்துக்கு நடுவே மகளின் தலையில் தானே தேய்த்த தேங்காயெண்ணெய் மணம் எழும்பி வர, மாக்கிறட் பையின் வாயை அவிழ்த்தாள். சட்டை நீண்டிருந்தது. அவள் தைத்த விளிம்புக்குக் கீழே, அவள் தைக்காத வெள்ளை நூலில், இன்னும் ஒரு முழம். யூஜினி இருந்திருந்தால் இப்போது இந்த அளவுதான் வேண்டியிருக்கும்.

சட்டைக் கை கனத்தது.

உள்ளே விரல்கள். வெள்ளை. மெத்தென்று. அவை அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்தன. நித்திரைக்குப் போகும்போது யூஜினி பிடிக்கிற மாதிரியே.

"குளிருதா மகள்?"

கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள். கழுத்து இருந்தது. அதற்கு மேலே இன்னும் நெய்து முடியவில்லை.

கோயில் மணி அடித்தது. கில்பட் கூப்பிட்டான்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள். "முகம் வரட்டும்."

பையைத் திரும்பவும் தண்ணீருக்குள் தாழ்த்தினாள். விரல்கள் விடவில்லை. அவளும் இழுக்கவில்லை. சுண்டுவிரலில் இருந்து வெள்ளை நூல்கள் அவளுடைய மணிக்கட்டுக்கு மெல்ல ஏறிக்கொண்டிருந்தன.