படியில் இருப்பவரைத் தடுக்கக் கூடாது

காலை ஆறு மணிக்கு ஊதவேண்டும். மணிக்கட்டில் கட்டியிருக்கும் விழுகணியை வாயருகே கொண்டுபோய் மூன்று முறை ஊதினால், அது மூச்சிலிருந்து ஈரலின் கொழுப்பையும் தோலுக்கடியில் எலும்பின் வலுவையும் அளந்து ஓர் எண்ணைக் காட்டும். இந்த ஆண்டில் நீங்கள் விழுந்து எலும்பை முறித்துக்கொள்ள நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்பதுதான் அந்த எண். அறுபது வயதைத் தாண்டிய யாரும் தப்ப முடியாது. எனக்கு எழுபத்தொன்று.

எண் நாற்பதுக்குள் இருந்தால் எங்கள் வைகைக்கரை அடுக்ககத்தின் படிக்கட்டுக் கதவு திறக்கும். நாற்பதைத் தொட்டால் மூடிக்கொள்ளும். மறுநாளே எலும்புக் காப்புத் துறையிலிருந்து ஆள் வந்து தாங்கியை மாட்டிவிடுவார். தாங்கி என்பது இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வரும் எந்திரச் சட்டம். போகவேண்டிய இடத்தைச் சொன்னால் போதும், அதுவே உங்கள் காலைத் தூக்கி வைக்கும். விழவே மாட்டீர்கள். ஆனால் கால் சும்மா இருந்தால் தசை கரையும், ஈரலில் இன்னும் கொழுப்பு சேரும், எண் ஏறும். எண் இறங்கினால்தான் தாங்கியிலிருந்து விடுதலை. இதுவரை ஒருவரும் விடுதலையாகவில்லை என்பதைத் துறையின் துண்டறிக்கையில் போடமாட்டார்கள்.

பக்கத்து வீட்டு மெஹருன்னிசா மூன்று வருடமாகத் தாங்கியில் இருக்கிறாள். பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் பி.டி. டீச்சராக இருந்தவள். எனக்கு ஈரல் கொழுப்பு என்று தெரிந்த அன்று எதிர்வீட்டுக்காரர் என்னைக் குடிகாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் வாழ்நாளில் குடித்த பெரிய போதைப் பானம் ஜிகர்தண்டாதான். அதைச் சொன்னதும் மெஹரு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஜிகர்னா ஈரல், தண்டான்னா குளிர்ச்சி. குளிர வச்சு குளிர வச்சே கொழுப்பேத்திட்ட, கயலு."

சிரித்தாளே தவிர, உடம்பு குலுங்கவில்லை. தாங்கி பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்த அன்றுதான், தாங்கி எனக்கு வேண்டவே வேண்டாம் என்று முடிவுசெய்தேன்.

என் எண் முப்பத்தாறிலிருந்து முப்பத்தொன்பதுக்கு வந்தது. ரயில்வே முன்பதிவு முகப்பில் முப்பது வருடம் உட்கார்ந்தே தேய்ந்தவள் நான். அந்த வேலை எனக்குக் கொடுத்தது இரண்டு: இந்த ஈரல், விதிப்புத்தகத்தை வரி விடாமல் படிக்கும் பழக்கம். எலும்புக் காப்பு விதிகளை இரண்டு நாள் படித்தேன். பதினேழாம் விதியில் கிடைத்தது. 'படியில் இருப்பவரைத் தடுக்கவோ, தொடவோ, இறக்கவோ கூடாது.' நடுப்படியில் மறித்தால் பதறி விழுந்துவிடுவார்கள் என்ற அக்கறையில் எழுதியது. எவ்வளவு நேரம் படியில் இருக்கலாம் என்று எழுத மறந்துவிட்டார்கள்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே படிக்கட்டுக்குள் போய்விட்டேன். ஆறு மணிக்கு ஊதினேன். நாற்பத்தொன்று. எனக்குப் பின்னால் கதவு பூட்டிக்கொண்டது. நான் உள்ளே இருந்தேன்.

பன்னிரண்டு நாள் அங்கேயே குடியிருந்தேன். காவலாளிகளுக்கான கழிப்பறை தரைத்தளப் படிக்கு அடியில், கதவுக்கு உள்ளேயே இருக்கிறது. கட்டட வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதில் குதித்தேன். வயது குறைந்த அண்டைவீட்டார் சாப்பாடு கொண்டுவந்தார்கள். எண்ணைக் குறைக்க ஏறினேன், இறங்கினேன், மூச்சு வாங்கினால் உட்கார்ந்தேன். துறை அலுவலர் ஜெரால்டு தினமும் வந்து கெஞ்சினார். எங்கள் ஒன்பதாம் மாடிக் கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஹரு நின்று நான் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கண்ணாடியில் வாயை வைத்துக் கேட்டாள், "முட்டி வலிக்குதா?"

"உயிர் போகுதுடி."

"குடுத்து வச்சவ," என்றாள்.

பன்னிரண்டாம் நாள் எண் நாற்பது. இன்னும் ஒன்றே ஒன்று. அந்தச் சந்தோஷத்தில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு படியைத் தவறவிட்டேன். இடது கையை ஊன்றி விழுந்தேன். டக்கென்று சத்தம் எனக்கே கேட்டது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நானே எழுந்து நின்றேன்.

விழுகணி அலறியது. பத்து நிமிடத்தில் ஜெரால்டு ஒன்பதாம் மாடிக் கதவைத் திறந்து, தள்ளுவண்டியை முட்டுக்கொடுத்து நிறுத்தினார். வண்டியில் புதுத் தாங்கி ஒன்று இருந்தது.

"சொன்னேன்ல அம்மா? முறிஞ்சிட்டா உடனே தாங்கி. அதான் விதி."

"கை ஒடிஞ்சதுக்குக் காலுக்கு எதுக்குய்யா?"

அவர் என் கையைப் பார்த்தார், வண்டியிலிருந்த தாங்கியைப் பார்த்தார். நல்ல மனிதர், பாவம்.

"டாக்டரை இங்க கூட்டிட்டு வாங்க. இந்தப் படியிலயே உக்காந்து கட்டுப் போட்டுக்கிறேன். இறங்க மாட்டேன். விழுந்தேன், ஆமா. எந்திரிச்சும் நிக்கிறேன்ல, அதை எந்த எண்ணுல சேப்பீங்க?"

அப்போது அவருக்குப் பின்னால் கொக்கி கழலும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. தாங்கியின் கொக்கிகள் வெளியில்தான் இருக்கின்றன. படுக்கும்போது எல்லோரும் கழற்றுவதுதான். கழற்றிவிட்டு நடக்கத்தான் யாரும் துணிவதில்லை. மெஹரு அதை உரித்துப்போட்டுவிட்டு, திறந்திருந்த கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நின்றாள். கால்கள் வெடவெடவென்று ஆடின. அவள் மணிக்கட்டில் அறுபத்துமூன்று சிவப்பாக எரிந்தது.

"டீச்சர், வேண்டாம்," என்று ஜெரால்டு கையை நீட்டினார்.

"அவ கதவுக்கு இந்தப் பக்கம் வந்துட்டாளே, தம்பி," என்றேன். "பதினேழாம் விதி. தொடக் கூடாது."

நீட்டிய கை அப்படியே நின்றது. மெஹரு குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். ஒன்றை மாற்றி ஒன்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கயலு, முதல்ல எந்தக் கால்?"

முப்பது வருடம் வெயிலில் நின்று ஆயிரக்கணக்கான பெண்களை லெஃப்ட், ரைட் என்று நடக்கவைத்தவள் கேட்கிறாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆத்திரமும் வந்தது. அழுதுகொண்டே நல்ல கையை நீட்டினேன்.

"வலது காலை எடுத்து வச்சு வாடி," என்றேன், புதுப்பெண்ணை வீட்டுக்குள் அழைப்பதுபோல.

வந்தாள்.