விடாத மூச்சு

ஆஸ்பத்திரியின் புது பில்டிங்கில் எக்ஸ்ரே மெஷின் படுத்துவிட்டது. அதனால் எக்ஸ்ரே அக்காவைப் பழைய கட்டடத்து அறைக்குப் போகச் சொன்னார்கள். எங்கே போகச் சொன்னாலும் போவாள். புருஷன் செத்த நாலாம் நாளே டியூட்டிக்கு வந்து நின்றவள். மூணு மாசமாய் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. "நெஞ்சழுத்தக்காரி" என்று கேன்டீனில் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது. எருமை மாட்டின் மேல் மழை பெய்தால் எருமைக்கு என்ன?

வலித்தால்தானே அழுவதற்கு! அவளுக்கு எதுவுமே வலிக்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. சித்தி வீட்டுக்குப் போன பதினொரு வயது மகள் திரும்பி வரமாட்டேன் என்கிறாள். காலையில் தங்கச்சி போன் பண்ணியிருந்தாள்.

"தப்பா நினைக்காதேக்கா. உன்னைப் பார்த்தா அவளுக்குப் பயமா இருக்காம். அப்பா போட்டோவைக்கூட அம்மா ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரிதான் துடைக்கிறாங்கறா. இங்கயே ஸ்கூல்ல சேர்த்துடட்டுமா? நாலு மணிக்குள்ள சொல்லணும்."

"சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். பிள்ளை கைவிட்டுப் போகிறாள் என்று புத்திக்குத் தெரிந்தது. மனசு எங்கே போய்த் தொலைந்ததோ, எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பழைய அறைக் கதவைத் திறந்துவிட்ட ஆயாம்மா உள்ளே கால் வைக்கவில்லை.

"மத்தியானத்துல இங்க தனியா இருக்காதம்மா. யாரோ மூச்சு விடாம நிக்கிற மாதிரியே இருக்கும்."

"மூச்சு விடாம நின்னா எனக்கு வேலை சுலபம் ஆயாம்மா. படம் கலங்காம வரும்."

ஆயாம்மா சிரிக்கவில்லை. சாவியைக் கையில் திணித்துவிட்டு நடையைக் கட்டினாள்.

ஜன்னல் இல்லாத அறை. ஈயத் தகடு அடித்த கனத்த கதவு. ஸ்பிரிட்டும் ஈரச் சுவரும் கலந்த நாற்றம். ஒரு மூலையில் உடை மாற்றத் திரை. எதிர் மூலையில், படம் எடுப்பவர் மறைந்து நிற்கக் கண்ணாடி பதித்த தடுப்புச் சுவர். பதினாறு வருஷமாய் அவள் பிழைப்பு இதுதான். ஆளை நிறுத்திவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அமுக்குவாள். அந்த நேரத்தில் ஒருநாளும் ஆளோடு நின்றதில்லை.

இரண்டு மணிவாக்கில் திரைக்குப் பின்னால் துணி சரசரத்தது. யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள்? டாக்டர் எழுதிய சீட்டைக்கூடக் காணோம்.

"கவுன் போட்டாச்சா? வந்து பலகையில நெஞ்சை ஒட்டி நில்லுங்க."

ஒரு பெண் வந்து முதுகைக் காட்டி நின்றாள். அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. யார் முகத்தையும் பார்ப்பதை விட்டு மூணு மாசமாகிறது. தடுப்புக்குப் பின்னால் போனாள்.

"மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க."

அமுக்கினாள்.

"விடலாம்."

முதுகு அசையவில்லை.

"விடலாம்மா. எடுத்தாச்சு."

அசையவில்லை.

கம்ப்யூட்டரில் படம் விழுந்தது. காற்று இருக்கிற இடம் கறுப்பாகத் தெரியவேண்டும். இந்த நெஞ்சில் கறுப்பே இல்லை. அடியிலிருந்து கழுத்துவரை ஒரே வெள்ளை. அத்தனையும் தண்ணீர். இப்படி ஒரு ஆள் உயிரோடு நிற்கவே முடியாது.

இடது காறை எலும்பில் ஒரு தகடு. ஏழு திருகு. ஐந்தாவது கோணல்.

அந்தக் கோணல் திருகு அக்காவுடையது. கல்யாணமான புதிதில் பைக்கிலிருந்து விழுந்தபோது போட்டது. "உன்னை மாதிரியே அதுவும் கோணல்" என்று புருஷன் வருஷக்கணக்கில் கேலி பண்ணியிருக்கிறான்.

அவள் கை தானாகத் தோளுக்குப் போனது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அந்தப் பெண்ணும் தோளில் கை வைத்தாள்.

அக்கா கதவைப் பார்த்தாள். நாலடியில்தான் இருந்தது. உள்ளே ஏதோ சுரீரென்றது. பயம். மூணு மாசத்தில் அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

ஐயோ, பிள்ளையும் இப்படித்தானே என்னைப் பார்த்து நடுங்கியிருப்பாள்!

கதவுப் பக்கம் போகாமல், தடுப்பை விட்டு வெளியே வந்தாள்.

ஓரடி.

இன்னோரடி.

அந்த முதுகில் கை வைத்தாள். பனிக்கட்டி. உள்ளே தண்ணீர் தளும்பியது கைக்குத் தெரிந்தது.

"எத்தனை நாளா பிடிச்சுக்கிட்டு நிக்கிறே?" என்று கிசுகிசுத்தாள். "நான் எங்கயும் போகலை. இங்கதான் இருக்கேன். விடு."

முதுகு ஒருமுறை குலுங்கியது. அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஓர் ஓலம் கிளம்பியது. யார் வாயிலிருந்து வந்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

கண்ணைத் திறந்தபோது தரையில் கிடந்தாள். மோவாய், கழுத்து, சட்டை எல்லாம் நனைந்திருந்தது. பலகைக்கு முன்னால் யாருமில்லை. மணி மூணரை. தங்கச்சி நம்பரைத் தட்டினாள். மகள்தான் எடுத்தாள்.

"உங்கப்பா இல்லாம என்னால முடியலடி கண்ணு" என்று அழுதாள். "நீயும் இல்லேன்னா எப்படிடி?"

"அம்மா... நீயா அழறே?"

"நான்தான்டி."

"நான் வந்துடறேம்மா. சித்தியைக் கொண்டுவந்து விடச் சொல்றேன்."

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டாள். குரல் தெளிந்தது. "புத்தகம், சாக்ஸ் எல்லாத்தையும் பார்த்து எடுத்து வை. எதையாவது விட்டுட்டு வந்து முழிக்காதே."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கேக்குதா?"

"அம்மா." மகளின் குரல் சின்னதாகிவிட்டது. "நீ பேசிக்கிட்டிருக்கே. அப்போ அழறது யாரு?"

அக்கா வாயை மூடிக்கொண்டு கேட்டாள். வெறும் அறை. காதுக்குப் பக்கத்தில், அவள் குரலிலேயே, விசும்பல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"பயப்படாதே" என்றாள். "அதுவும் அம்மாதான். அழுது முடிக்கட்டும். நீ வா."