பொட்டு வைத்த பெட்டி

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் ஆயுத பூஜை என்றால் இயந்திரங்கள் தாமாகவே குளித்துவிட்டு வந்து கூடத்தில் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்ததும் அணைந்துவிடும்; பொட்டு வைத்துவிட்டால் அன்று முழுக்க விடுமுறை. காற்று வடிகட்டிக்கு மட்டும் விலக்கு உண்டு. அதையும் அணைத்தால் பூஜை செய்ய ஆள் மிஞ்சாது.

தெய்வநாயகத்தின் வீட்டில் இந்த முறை சமையல் ரோபோவுக்கும் துடைப்பு ரோபோவுக்கும் நடுவே தீப்பெட்டியளவில் ஒரு பெட்டி இருந்தது. நடுக்கடக்கி. அவருடைய மூளைக்குள் பதித்த எள்ளளவு மின்முனைக்கு இடுப்பிலிருந்து கட்டளை அனுப்புவது அதன் வேலை. ஒன்பது வருடம் பார்க்கின்சன் நோயில் ஆடிய கை, போன பங்குனியில் இது வந்ததும் நின்றது. இப்போது தானே சவரம் செய்கிறார், எதிர்வீட்டுக்காரரோடு சதுரங்கம் ஆடுகிறார். அந்த நன்றிக்குத் தன் கையாலேயே அதற்குப் பொட்டு வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

ரோபோக்களுக்கு லீவு என்பதால் விடியலிலிருந்து சுண்டலும் பொங்கலும் செய்து முடித்த மனைவி வடிவு, ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"அணைச்சா கை ஆடுமேங்க."

"ஓடுற மிஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாது வடிவு. இதுக்கு அஞ்சு நிமிஷ லீவு போதும், டாக்டரும் சரின்னுட்டார்."

அணைத்தார். கை ஆடத் தொடங்கியது. குங்குமம் வேட்டியிலும் தரையிலும் சிதறியதே தவிர, பெட்டியில் விழவில்லை. அவர் முகம் வாடிவிட்டது. வடிவு பின்னால் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பொட்டு நட்டநடுவில் விழுந்தது.

"என் சாமி, நீ இல்லேன்னா நான் ஏது" என்று பெட்டியைப் பார்த்துக் கண்கலங்கினார். பிறகுதான் உறைத்தது. பெட்டி அணைந்து கிடக்கிறது. மணிக்கட்டில் வடிவின் விரல்கள். ஒன்பது வருடம் சட்டைக்குப் பட்டன் போட்டு, சோறு ஊட்டிய விரல்கள்.

ஆடும் கையால் அவள் நெற்றியிலும் வைத்தார். மூக்குவரை இழுபட்டது.

"என்னையும் வரிசையில சேத்துட்டீங்களா?" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"உனக்குத்தான் மொதல்ல வச்சிருக்கணும்."

வடிவு இரண்டு ரோபோக்களுக்கும் நடுவே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். தெய்வநாயகத்துக்கு மனம் நிறைந்துவிட்டது. மனம் நிறைந்தால் அவருக்கு வழக்கமாகத் தோன்றுவதே இப்போதும் தோன்றியது.

"ஒரு வாய் காபி குடிச்சா நல்லாருக்கும், வடிவு."

அவள் எட்டி, நடுக்கடக்கியின் பொத்தானை அழுத்தினாள். கை நின்றது.

"பொட்டு வாங்குனவங்களுக்கெல்லாம் இன்னைக்கு லீவுங்க. உங்க கைக்கு யாரும் வைக்கலியே. பால் மேல்தட்டுல இருக்கு."