ஏழாம் கிரேன் தந்த மின்சாரம்

"நிறுத்துங்க ஸ்ரீராம், கூண்டு கப்பல் அடியைத் தொட்டு எட்டு நிமிஷம் ஆச்சு..."

"மீட்டர் கோளாறுலா நஃபீசா, அந்தப் பொத்தானைத் தொடாதீங்க..."

"உள்ளே இருக்கிறது என் தம்பி!"

"தெரியும். தினமும் தம்பி புராணம்தானே."

மதியம் மூன்று மணி. துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சன்னல் இல்லை. ஏசியின் முனகலும் காலைக் கோப்பியின் புளித்த வாடையும் தேங்கிக் கிடந்த அந்தக் குளிருக்குள் எங்கிருந்தோ ஈரத்துரு நாற்றம் மெல்லக் கசிவதை, ஸ்ரீராமோடு சண்டை போட்டுக்கொண்டே நஃபீசா முகர்ந்துகொண்டிருந்தாள்.

ஏழாம் கிரேன் எதை இறக்கினாலும், அந்த எடையின் இழுப்பிலிருந்து மின்சாரம் திரும்பி வரும். நாற்பது நொடி வரும், நின்றுவிடும். கப்பலின் அடித்தளத்தில் சிக்கிய கன்டெய்னர்ப் பூட்டை அவிழ்க்க, தம்பி ஆரிஃப் கூண்டில் இறங்கியிருந்தான். மின்சாரம் இன்னும் வந்துகொண்டிருந்தது.

"முப்பது வண்டி அதுலதான் சார்ஜ் ஆகுது. அதனாலதான் கரண்ட் வரம்பைத் தாண்டாம நிக்கிறோம். சும்மா வர்ற கரண்ட் உங்களுக்குக் கசக்குதா?"

"ஒத்தை ஆள் எடைக்கு இவ்வளவு வராது. திரையில அந்தக் கோட்டைப் பாருங்க."

பச்சைக் கோடு ஏறியது. ஐந்து டன் இறங்கினால் வரும் அளவு. பிறகு பத்து. பிறகு இருபது. போகிற வழியில் யார் யாரோ கூண்டில் ஏறிக்கொள்வதுபோல.

ஸ்ரீராம் திரைப் பக்கம் குனிந்தான்.

நஃபீசா வாக்கிடாக்கியில் அழைத்தாள். "ஆரிஃப்? கேக்குதா?"

இரைச்சல் மட்டும்.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். கிரேன் நின்றது. உடனே மேலே தூக்கும் பொத்தானை அழுத்தினாள்.

வந்த மின்சாரமெல்லாம் திரும்பிப் போகத் தொடங்கியது. வண்டிகளின் சார்ஜ் அறுந்தது. குளிர்பெட்டிகள் வரிசை வரிசையாக அணைந்தன.

"விடுங்க! மொத்த யார்டுக்கும் கரண்ட் போயிடும்!"

"போகட்டும்."

அறை விளக்கு மங்கியது. துரு நாற்றம் தொண்டைவரை வந்தது.

கேமராத் திரை. கப்பலின் திறந்த வாய். மேலேறும் வடங்கள். ஈரம். கறுப்பு.

கூண்டின் கூரை.

கம்பிகளுக்கிடையே விரல்கள். நிறைய விரல்கள்.

திறப்பின் விளிம்பில், மஞ்சள் தொப்பி போட்ட ஒருவன் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். வாக்கிடாக்கி கரகரத்தது, ஆரிஃபின் குரலில்.

"லாத்தா, இப்பதான் லைன் கிடைக்குது. நான் ஏணியில ஏறி அப்பவே மேல வந்துட்டேன். கூண்டுல யாரைத் தூக்குறீங்க?"